சூடு படவேண்டிய இடம்

குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பம்பாய் டாக்ஸி என்றாலே பத்மினிதான். மோதி நசுங்கிய பத்மினிக் கதவை நிமிர்த்த தாராவி, செம்பூர், குர்லா சி.எஸ்.டி. சாலைப் பக்கத்து டென்டிங் பட்டறைகளில் ஒரு கைமுறை இருந்தது. அடிபட்ட தகடு நீண்டுவிடும். என்னதான் தட்டினாலும் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் புடைக்கும். அப்போது கேஸ் டார்ச்சை எடுத்து, நாணயம் அகலத்துக்கு ஓரிடத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் தட்டி, ஈரத்துணியை வைத்து அமுக்குவார்கள். சுற்றியிருக்கும் குளிர்ந்த தகடு இடம் கொடுக்காததால் காய்ந்த பகுதி பக்கவாட்டில் விரிய வழியின்றித் தடிக்கிறது. ஆறும்போது சுருங்கி, தளர்ந்த தகட்டை நாலாபுறமிருந்தும் இழுத்துப் பிடிக்கிறது. பார்த்தால் மந்திரம் போலிருக்கும், சாதாரண வெப்பவியல்தான்.

பத்மினியில் இது பலித்ததற்குத் தொழிலாளியின் கைத்திறன் பாதிக் காரணம், எஃகின் எளிமை மீதிக் காரணம். அந்தத் தகட்டில் கரிமம் மிகக் குறைவு. காய்ச்சி உடனே குளிர்வித்தாலும் அது விறைப்பதில்லை, உடையும் தன்மைக்குப் போவதுமில்லை. சூடு பட்ட இடமும் படாத இடமும் ஏறக்குறைய ஒரே குணத்தோடு இருக்கும். 2003 அக்டோபரில் பதிவான கடைசிப் பத்மினி டாக்ஸி, இருபதாண்டு வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபர் இறுதியில் மும்பைச் சாலையை விட்டுப் போனது. டார்ச்சும் ஈரத்துணியும் பட்டறையிலேயே இருக்கின்றன. பட்டறைக்குள் வரும் எஃகு மட்டும் வேறாகிவிட்டது.

இன்றைய காரில் மிக முக்கியமான எலும்புகள், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நிற்கும் பி-பில்லர் என்ற தூண் அவற்றில் ஒன்று, பல மாடல்களில் ஹாட் ஸ்டாம்பிங் முறையில் செய்யப்படுகின்றன. சுவீடனின் பிளான்யா நிறுவனம் 1977-இல் காப்புரிமை பெற்ற முறை இது. முதலில் ரம்பத்துக்கும் புல்வெட்டி அலகுக்கும்தான் பயன்பட்டது. 1984-இல் சாப் 9000 காரின் கதவுச் சட்டத்துக்கு வந்தபோதுதான் மோட்டார் உலகம் திரும்பிப் பார்த்தது. 1987-இல் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் உறுப்புகள் இப்படித் தயாராயின. 2007-இல் அது 10 கோடியைத் தாண்டியது.

செய்முறையைச் சொல்வது எளிது. சுமார் 0.22 சதவீதம் கரிமமும் மிகச் சிறிதளவு போரானும் கலந்த எஃகுத் தகட்டை உலையில் 900 முதல் 950 டிகிரிவரை சூடாக்குகிறார்கள். அந்த நிலையில் அது வெண்ணெய்போல வளையும். உடனே நீர் ஓடும் டைக்குள் (அச்சுக்குள்) வைத்து அழுத்தி, அழுத்தியபடியே நொடிக்கு 27 டிகிரிக்கும் வேகமாகக் குளிரச் செய்கிறார்கள். எஃகின் உள்ளமைப்பு மார்ட்டென்சைட் என்னும் கடினமான வடிவமாகிறது. 600 மெகாபாஸ்கல் வலிமையோடு உலைக்குள் போனது, 1500 மெகாபாஸ்கலோடு வெளியே வருகிறது. குளிர்ந்த நிலையில் இவ்வளவு வலிமையான தகட்டை பிரஸ்ஸில் வளைத்தால், கை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திமிறும், ஓரங்கள் கிழியும், டையும் தேயும். இங்கே திமிறலே இல்லை என்று சொல்லுமளவுக்கு வடிவம் அப்படியே நிற்கிறது. முதலில் மிருதுவாக்கு, வளை, பிறகு வலுவாக்கு: இந்த வரிசைமுறையில்தான் இதன் மேதைமை இருக்கிறது.

ஆனால் தூண் முழுவதும் ஒரே வலிமையாக இருப்பது நல்லதா? பக்கவாட்டில் ஒரு வண்டி வந்து மோதுகிறது. தூணின் நடுவும் மேற்பகுதியும் உள்ளே மடிந்தால் பயணியின் விலா எலும்பும் தலையும் அகப்பட்டுக்கொள்ளும். அங்கே விறைப்பு வேண்டும். அடிப்பகுதியோ இடுப்புக்கு நேராக இருக்கிறது. இடுப்பெலும்பு விலாவைவிட அதிக விசையைத் தாங்கும். எனவே அடியில் தகடு கொஞ்சம் மடிந்து மோதலின் ஆற்றலை விழுங்கினால் உள்ளே இருப்பவருக்கு நல்லது. 1500 மெகாபாஸ்கல் எஃகு முறியுமுன் ஐந்தாறு சதவீதம்தான் நீளும். மடிவதற்குப் பதில் பிளந்துவிடும் அபாயம் உண்டு. இங்கேதான் இடம் பார்த்துச் சூடேற்றும் உத்தி வருகிறது. தூணின் அடிப்பகுதியை மட்டும் உலையில் குறைவாகக் காய்ச்சலாம். அல்லது முழுவதையும் காய்ச்சிவிட்டு, டையின் ஒரு பகுதியை 400, 500 டிகிரியில் சூடாகவே வைத்திருந்து, அந்த இடம் மட்டும் மெதுவாக ஆறும்படி செய்யலாம். இல்லையென்றால் முடிந்த உறுப்பை லேசரால் மறுபடி சூடாக்கித் தளர்த்தலாம். எந்த வழியில் போனாலும், ஒரே தகட்டில் மேலே 1500, கீழே 600, 700 மெகாபாஸ்கல்.

யோசனை அபாரமானது. ஒட்டு இல்லை, இரண்டாவது தகடு இல்லை, கூடுதல் எடை இல்லை. எங்கே வலிமை வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்கும் தன்மை வேண்டும் என்று மனித உடலைப் பார்த்து உலோகத்துக்குக் குணம் வகுக்கும் இந்தச் சிந்தனையை, பொறியியல் கண்ட நல்ல விஷயங்களில் ஒன்றாகவே வைப்பேன்.

தொழிற்கூடத்துக்குள் அதன் சிக்கல்கள் கொஞ்சமல்ல. வலிய பகுதிக்கும் மெலிந்த பகுதிக்கும் இடையே கோடு கிழித்தாற்போல எல்லை அமையாது. சில சென்டிமீட்டர் அகலத்துக்கு இரண்டுங்கெட்டான் பட்டை ஒன்று இருக்கும். அதன் இடமும் அகலமும் ஒவ்வொரு அழுத்தத்திலும் சற்று மாறும். கணினியில் மோதல் கணக்குப் போடும் பொறியாளருக்குத் தலைவலி அதுதான். சூடான டைப் பகுதியிலிருந்து வெளிவரும் பாகம் இன்னும் ஆறி முடியாதது. வெளியே ஆறும்போது அந்தப் பக்கம் மட்டும் கோணும். ஹாட் ஸ்டாம்பிங்கின் பெருமையே திமிறாத வடிவம். அந்தப் பெருமையில் ஒரு பங்கை இந்த உத்தி திருப்பிக் கொடுத்துவிடுகிறது. சூடான டை வேகமாகத் தேய்வதும், அதற்கென மின்சூடேற்றிகளைப் பராமரிக்க வேண்டியிருப்பதும் தனிச் செலவு.

உலையே வேண்டாம், மின்தூண்டலாலோ லேசராலோ வேண்டிய இடத்தை மட்டும் நொடிகளில் காய்ச்சிவிடலாமே என்ற ஆசை பலருக்கும் உண்டு. முழுத் தகட்டையும் எரிவாயு உலையில் நிமிடக்கணக்காக வைத்து எடுப்பது எரிபொருள் விரயம்தான். ஆனால் தகடு துருப்பிடித்துச் செதில் விடாமலிருக்க அதன்மேல் அலுமினியம்-சிலிக்கான் பூச்சு இருக்கிறது. அது 600 டிகிரிக்குள்ளேயே உருகத் தொடங்கும். உலைக்குள் நிதானமாக இருக்கும்போது எஃகிலுள்ள இரும்பு அதனுள் ஊடுருவி, உருகாத கலவையாக அதை மாற்றுகிறது. அவசரப்பட்டால் பூச்சு வழிந்துவிடும். ஆக, பூச்சுள்ள தகட்டில் வேகத்துக்கு ஒரு வரம்பு இருக்கத்தான் செய்கிறது.

இன்னொன்று நம் பருவத்தோடு சம்பந்தப்பட்டது. சூடான அலுமினியப் பூச்சு காற்றிலுள்ள நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். அதில் ஒரு பங்கு எஃகுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு, உறுப்பு முடிந்து பல மணி நேரமோ நாளோ கழித்து விரிசலாக வெளிப்படலாம். அதனால் உலைக்குள் உலர்ந்த காற்றைத்தான் விட வேண்டும். அதன் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுழியத்துக்கும் கீழே இருந்தால் நல்லது. ஜூலை மாத மும்பையில் வெளிக்காற்றின் பனிநிலை 24, 25 டிகிரி. சென்னையிலும் ஈரத்துக்குக் குறைவில்லை. ஐரோப்பாவின் குளிர்காலக் காற்று இலவசமாகத் தருவதை இங்கே காசு கொடுத்து வாங்க வேண்டும். ஸ்பெயினின் கெஸ்டாம்ப் போன்ற நிறுவனங்கள் புனே, சென்னைப் பக்கங்களில் ஆலை வைத்திருக்கின்றன. அங்கெல்லாம் இது வெறும் ஏட்டுப் பிரச்சினை அல்ல.

ஹாட் ஸ்டாம்பிங்கே இல்லாமல், குளிர்ந்த நிலையில் அழுத்தும் டூயல்-ஃபேஸ் என்ற உயர்வலிமை எஃகில் கிழியும் ஓரத்தையும் கூர்மையான வளைவையும் மட்டும் சூடாக்கி வேலையை முடிப்பது இன்னொரு கிளை. வெட்டுப்பட்ட ஓரத்தில் ஏற்பட்ட நுண்காயத்தை லேசர் சூடு ஆற்றிவிடுகிறது. பிறகு மடித்தால் கிழிவதில்லை. சிறிய இடம், குறைந்த செலவு. எனக்கு இது பிடித்த பயன்பாடு. ஆனால் அரைகுறைச் சூடு ஆபத்து. 200, 300 டிகிரி வாக்கில் பல எஃகுகள் இளகுவதற்குப் பதிலாக இன்னும் முரண்டு பிடிக்கும். சூடு தாண்டிவிட்டாலோ அந்த வளைவு மட்டும் நிரந்தரமாக வலுவிழந்து நிற்கும். அந்த இழப்பைக் கணக்கில் சேர்த்தவர்கள் செய்யலாம்.

இவ்வளவையும் எடைபோட்டுப் பார்த்தால், நம் ஊர் உற்பத்தி அளவுக்கு வேறொரு பழைய வழியே பல இடங்களில் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். அடிக்கு மிருதுவான எஃகும் மேலுக்கு போரான் எஃகும் முன்கூட்டியே லேசரால் ஒட்டவைத்த தகடு. ஒரே உலை, ஒரே குளிர் டை போதும். எல்லை எங்கே என்பதை வெல்டிங் கோடே சொல்லிவிடும். ஒட்டுக்குச் செலவு உண்டு, ஒட்டின் தரத்தைக் காக்கவும் வேண்டும். ஆனாலும் டைக்குள் வெப்பநிலையைத் துரத்திக்கொண்டு ஓடுவதைவிட அது நிம்மதி.

இந்தியாவில் இந்த எஃகு வேகமாகப் பரவியதற்கு வெளியிலிருந்து வந்த ஒரு அவமானமும் காரணம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு மோதவிட்டுச் சோதித்த மாருதி ஆல்டோ 800, டாடா நானோ உட்பட ஐந்து கார்களும், பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. 2017 அக்டோபரிலிருந்து புதிய மாடல்களுக்கு முன்மோதல், பக்கமோதல் சோதனை கட்டாயமானது. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. குளோபல் என்கேப்பில் இந்தியாவில் தயாரான கார் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. 2023 அக்டோபரில் இந்தியாவின் சொந்தச் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் வந்தது. இப்போது ஷோரூமில் மைலேஜோடு சேர்த்து, உயர்வலிமை எஃகு எத்தனை சதவீதம் என்பதையும் காட்டுகிறார்கள். அந்தச் சதவீதத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கலாம். எஃகு எவ்வளவு வலிமையானாலும் அதன் மீள்விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் குணம், மாறுவதில்லை. மிருது எஃகுக்கும் போரான் எஃகுக்கும் அது ஒன்றுதான். எந்த எஃகு எங்கே இருக்கிறது என்பதை விளம்பரம் சொல்வதில்லை.

பட்டறைக்காரருக்கும் யாரும் சொல்வதில்லை. இந்த நடைமுறையின் பெரிய ஓட்டை இங்கேதான் என்பது என் கருத்து.

மோதி வந்த காரின் தூண் உள்ளே அமுங்கியிருக்கிறது. பெயிண்டுக்கு அடியில் எல்லாத் தகடும் ஒன்றுபோலத்தான் தெரியும். வழக்கம்போல டார்ச் பட்டால் என்ன ஆகும்? 600, 700 டிகிரிக்குப் போய்க் காற்றில் ஆறினால் அந்த இடத்தின் வலிமை பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். நன்றாகச் சிவந்த இடத்தில் ஈரத்துணி வைத்தால் நடுவில் மறுபடியும் விறைத்த ஒரு புள்ளியும், அதைச் சுற்றித் தளர்ந்த ஒரு வளையமும் அடுத்தடுத்து அமையும். ஆலையிலேயே ஸ்பாட் வெல்டைச் சுற்றி இந்தத் தளர்வு வரும்: சுமார் 470 விக்கர்ஸ் கடினம் கொண்ட எஃகு, வெல்டின் விளிம்பில் 300 பக்கம் இறங்குகிறது. ஆனால் அது வடிவமைப்பாளருக்குத் தெரிந்து, கணக்கில் சேர்த்த பலவீனம். டார்ச் உண்டாக்கும் பலவீனம் யார் கணக்கிலும் இல்லை. வண்டி வெளியே போகும்போது தூண் நேராக இருக்கும், பெயிண்ட் பளபளக்கும். (பெயிண்டை உலர்த்தும் அறைச் சூடு பற்றிக் கேட்பவர்களுக்கு: அந்த 60, 80 டிகிரி எஃகை ஒன்றும் செய்யாது.)

நிறுவனங்களின் பழுதுநீக்கக் கையேடுகள் பொதுவாகக் கறாராகவே இருக்கின்றன: ஹாட் ஸ்டாம்பிங் உறுப்பைச் சூடாக்காதே, நிமிர்த்தாதே, குறித்த இடத்தில் வெட்டி முழுதாக மாற்று. ஆனால் அந்தக் கையேடு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் கணினிக்குள் இருக்கிறது. இந்திய மோட்டார் காப்பீட்டில் உலோக உறுப்புக்குத் தேய்மானம் கழிப்பார்கள்: வண்டி ஐந்து வயதைத் தாண்டினால் 40 சதவீதம், பத்தைத் தாண்டினால் 50. தனிக் கவர் எடுக்காதவர் அந்தப் பங்கைத் தன் கையிலிருந்து போட வேண்டும். ஏழு வயதுக் காரை ஓட்டி வயிறு கழுவுபவர் புதுத் தூணுக்குப் பணம் கட்டுவாரா, பட்டறையில் நிமிர்த்திக்கொள்வாரா? கேட்கத் தேவையே இல்லை. பட்டறைக்காரரைக் குற்றம் சொல்வது அநியாயம். பழைய எஃகுக்கு அவர் செய்தது சரி; எஃகு மாறிய செய்தி அவர் தெருவுக்கு வரவில்லை. 1887-இல் தொடங்கி இன்று மாட்டுங்காவில் இருக்கும் வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரியிலிருந்து தாராவிப் பட்டறைகள் நடந்து போகும் தூரம். மார்ட்டென்சைட் பாடம் இந்தப் பக்கம் நடக்கிறது, டார்ச் அந்தப் பக்கம் எரிகிறது.

செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றும் அல்ல. கதவைத் திறந்தால் டயர் காற்றழுத்தம் எழுதிய ஸ்டிக்கர் தூணில் ஒட்டியிருக்கிறதே, அதே இடத்தில் எந்த உறுப்பில் டார்ச் படக்கூடாது என்று படத்தோடு, இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் ஒட்டலாம். இடம்பார்த்துத் தளர்த்திய தூணானால் எல்லை எங்கே என்பதை டையிலேயே ஒரு குறியாக அழுத்திவிடலாம். அழுத்தும்போது அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்காது. பட்டறையிலும் ஒரு சோதனை இருக்கிறது: மறைவான இடத்தில் பெயிண்டைச் சுரண்டி அரத்தால் இழுத்தால் மிருது எஃகில் அரம் எளிதில் கடிக்கும், போரான் எஃகில் அவ்வளவு எளிதில் கடிக்காது. ஆனால் தூணின் மெலிந்த அடிப்பகுதியில் அரம் கடித்துவிடும். அதை நம்பி மேலே டார்ச்சைக் கொண்டுபோனால் போச்சு. ஒரு தூணில் இரண்டு குணம் வைத்த கெட்டிக்காரத்தனம், தெருவில் கிடைத்த ஒரே எளிய சோதனையையும் ஏமாற்றுகிறது. நட்சத்திரம் கொடுக்கும் சோதனைச்சாலைகளில் மோதவிடுவது புதுக் கார்களைத்தான். பழுது பார்த்த ஒரு காரை அங்கே மோதவிடும் ஏற்பாடு பாரத் என்கேப்பின் விதிமுறையில் இல்லை.