விபுலாநந்தரின் விடுதலைக் கருத்து: சில விமர்சனக் குறிப்புகள்

சுவாமி விபுலாநந்தர் (1892–1947) குறித்து மட்டக்களப்பில் இதுவரை வெளிவந்த எழுத்துகளிற் பெரும்பாலானவை புகழுரைகளாகவே அமைந்துள்ளன. துறவி, முத்தமிழ் வித்தகர், மண்ணின் மைந்தர் என்னும் அடைமொழிகள் அவரை உயர்த்துவதாகத் தோன்றினும், அவருடைய சிந்தனையை ஆராய்ச்சிக்கு அப்பால் நிறுத்திவிடுகின்றன. பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹோசே ரிசால் பற்றி ரெனாட்டோ கொன்ஸ்தாந்தினோ 1969இல் ஆற்றிய உரையிற் சாடியதும் இத்தகையதொரு நிலைமையையே. புரிந்துகொள்ளாமற் போற்றுவது, போற்றப்படுபவரின் வரலாற்றுப் பாத்திரத்தையே மறைத்துவிடுகிறது என்பது அவரது வாதம். விபுலாநந்தரின் விடுதலை, நீதி, தமிழ் அடையாளம் ஆகியவை பற்றிய கருத்துகளை அவற்றின் சமூக அடித்தளத்தில் வைத்து நோக்க நாம் இங்கு முயல்கிறோம்.

மட்டக்களப்பின் நெல்வயற் பொருளாதாரம் போடியார் முறைமையை அச்சாகக் கொண்டு சுழன்றது. நிலம் போடியாருடையது, மேற்பார்வை வட்டவிதானையாருடையது, உழைப்பு முல்லைக்காரருடையது. காரைதீவிற் பிறந்த மயில்வாகனன் சாமித்தம்பி விதானையாரின் மகன். அதாவது, கிராமத்துக்கும் குடியேற்ற நிருவாகத்துக்கும் இடையில் நின்ற ஓர் இடைப்படையிலிருந்து வந்தவர். மிஷன் பாடசாலைகளின் ஆங்கிலக் கல்வி, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்வு, 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டம் என அவர் ஏறிச்சென்ற படிகள் அக்காலத்து மத்தியதர வர்க்க அறிவாளியின் படிகளே. ஆனால் அவ்வர்க்கத்தினர் பலரும் அரசாங்க உத்தியோகத்தை நாடியபோது, அவர் 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை நாடினார். இது உலகைத் துறந்த செயல் மட்டுமன்று. குடியேற்ற நிருவாகம் தமக்கென ஒதுக்கியிருந்த ஆசனத்தில் அமர மறுத்த செயலும் ஆகும்.

எனினும் அவர் கருதிய விடுதலை, முதன்மையாக அறியாமையினின்றும் பெறும் விடுதலையே. விவேகானந்தரின் நடைமுறை வேதாந்தம் அதற்குத் தத்துவ ஆதாரமாயிற்று. எல்லா உயிரிலும் ஒரே பரம்பொருள் உறைகிறது எனின், சாதி ஏற்றத்தாழ்வுக்கு நியாயம் இல்லை. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான அவர், அயலிலிருந்த திருவேட்களத்துத் தாழ்த்தப்பட்ட மக்களிடையே கல்விப்பணி செய்தமையும், பண்டிதர்கள் ஏற்கத் தயங்கிய பாரதியைப் பல்கலைக்கழகத்துள் அழைத்துவந்தமையும் இக்கொள்கையின் செயல்வடிவங்கள். சாதி எதிர்ப்பையும் முழுச் சுதந்திரத்தையும் ஒருங்கே பேசிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசுடன் அவருக்கிருந்த உறவும் தற்செயலானதன்று. கல்லடி உப்போடையில் அவரது சமாதியிற் பொறிக்கப்பட்டுள்ள பாடல்கூட, இறைவனுக்கு உகந்த மலர் சோலையில் இல்லை, மனிதரிடமே உண்டு என்கிறது. சடங்கையும் அதனை நடத்தும் உரிமையையும் சிலர் தனியுடைமையாக்கியிருந்த சமூகத்தில் இஃது எளிய பக்திப்பாடல் மட்டுமே எனக் கொள்வதற்கில்லை.

மொழி பற்றிய அவரது செயற்பாடுகளே எமது நோக்கில் மிகவும் முற்போக்கானவை. 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார்; 1938இல் கலைச்சொல் அகராதி வெளிவந்தது. விஞ்ஞானம் ஆங்கிலம் கற்ற சிலரின் சொத்தாக இருந்த காலத்தில், இரசாயனத்தைத் தமிழிற் சொல்லும் முயற்சி அறிவின் மீதான ஏகபோகத்தை உடைக்கும் முயற்சியாகும். பின்னர் இலங்கையில் தாய்மொழிமூல விஞ்ஞானக் கல்வி விரிவடைந்தபோது, கிராமத்து மாணவன் பாடநூலைத் திறக்க முடிந்தமைக்கு இத்தகைய உழைப்பும் ஒரு காரணம். அவரை இசைத்தமிழோடு மட்டும் இணைத்துப் பேசுவோர் ஏனோ இதனைப் போதியளவு வலியுறுத்துவதில்லை.

‘மதங்க சூளாமணி’யில் (1926) சேக்ஸ்பியர் ‘செகசிற்பியார்’ ஆகிறார். பெயர்மாற்றத்தில் ஒரு விளையாட்டு உண்டு. அதனினும் மேலாக ஒரு தன்னம்பிக்கை உண்டு. ஆள்வோரின் மகாகவியை ஆளப்படுவோர் தம் சொல்லிலக்கணத்துக்குள் இழுத்து, சிலப்பதிகாரத்துக்கு அருகில் அமர்த்துகின்றனர். ஐரோப்பிய நாகரிகத்தை நிராகரிக்காமலே அதன் மேலாண்மையை நிராகரிக்கும் முறை இது.

‘யாழ் நூல்’ இந்நோக்கின் உச்சம். ரிசால் 1890இல், மோர்கா என்னும் ஸ்பானிய அதிகாரி எழுதிய பழைய வரலாற்று நூலைக் குறிப்புரையுடன் மீள்பதிப்பித்தார். ஸ்பானியர் வருமுன்னரே தம் மக்களுக்கு ஒரு நாகரிகம் இருந்ததெனக் காட்டுவதே அவரது நோக்கம். விபுலாநந்தர் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைத் துணைக்கொண்டு, வழக்கொழிந்த யாழ்களைக் கணித முறையில் மீட்டெடுத்தார். பௌதிகம் கற்ற ஒருவரின் கைவண்ணம் அதில் தெளிவாகத் தெரிகிறது. 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. யூலை 19இல் ஆசிரியர் மறைந்தார். இந்தியா சுதந்திரம் பெற ஒரு மாதம்கூட இருக்கவில்லை.

ஆயின், இழந்த பெருமையை மீட்கும் தேசியவாதம் கண்முன்னே வாழ்வதைக் காணத் தவறுவது உண்டு. காரைதீவு கண்ணகை அம்மன் கோயிலை மையமாகக் கொண்ட கிராமம். வைகாசிக் குளிர்த்தியும், கண்ணகி வழக்குரைப் பாடலும், பறைமேளமும், வடமோடி தென்மோடிக் கூத்துகளும் சிலப்பதிகார மரபை உழைக்கும் மக்களின் உடலிலும் குரலிலும் காத்துவந்தன. ‘மதங்க சூளாமணி’ வடமொழித் தசரூபகத்தை நாடுகிறது. வாவிக்கரைக் கூத்துக்களரியை நாடவில்லை. கூத்தைப் பல்கலைக்கழக அரங்குக்கு உரியதாக்கும் பணி, அவரிடம் பயின்ற சு. வித்தியானந்தனால் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகிய தயாரிப்புகள் மூலமே நிறைவேறியது. அதையும் நாட்டாருக்கு அறிவாளர் அளித்த அந்தஸ்தாகவே பலர் கண்டனர் என்பது வேறு கதை.

இன்னொரு வினாவும் உண்டு. காரைதீவின் வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர்; இரண்டும் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள். வயலிலும் சந்தையிலும் இரு சாராரும் பிணைந்தே வாழ்ந்துவந்தனர். தமிழ் அடையாளத்தைச் சிலப்பதிகாரத்திலும் தேவாரப் பண்களிலும் வேர்கொள்ளச் செய்யும்போது, அம்மக்கள் அதனுள் எங்கு நிற்கின்றனர்? சமய சமரசம் பேசிய விபுலாநந்தர் அவர்களை விலக்கவில்லை. ஆனால் விலக்காமை வேறு, பங்காளியாகக் கொள்ளும் பண்பாட்டுக் கோட்பாட்டை வகுத்தல் வேறு. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் வீரமுனையிலும் நிகழ்ந்த படுகொலைகளுக்குப் பின், இவ்வினாவைப் புலமைசார் நுணுக்கம் எனத் தள்ளிவிட முடியாது.

துறவியிடம் வர்க்கப் போராட்டத்தை எதிர்பார்ப்பது பொருந்துமா எனச் சிலர் கேட்பர். நாம் அதனை எதிர்பார்க்கவில்லை. 1929இல் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் வசதியற்ற பிள்ளைகளுக்குத் திறந்த கதவு பெரிது. 1960–61இல் பாடசாலைகள் அரசுடைமையாகுமுன் அத்தகைய கதவுகள் இங்கு அதிகம் இருக்கவில்லை. ஆனால் முல்லைக்காரனின் மகன் அக்கதவால் நுழைந்து ஆசிரியனாக வெளியேறியபோதும், அவன் தந்தை உழுத வயல் போடியாரிடமே இருந்தது. விபுலாநந்தரின் நீதிக் கருத்து பள்ளிக்கூடத்து வாசல்வரை உறுதியாக நடந்து வருகிறது. வயல் வரம்பில் அது காலடி வைக்கவில்லை. அவர் பெயராலும் உருவச்சிலைகளாலும் நிறைந்துள்ள இப்பிரதேசத்தில், போடியார் நிலவுடைமை பற்றியும் அதன்கீழ் வளர்ந்த கல்விச் சிந்தனை பற்றியும் ஒருங்கே ஆராயும் நூலொன்று எழுதப்படல் வேண்டும். அதற்கான வாய்மொழிச் சான்றுகள் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக் கிராமங்களில் இன்னும் கிடைக்கக்கூடியனவே.