மணிமேகலையிற் கடவுட் கொள்கை

பௌத்தம் கடவுளரை மறுக்குஞ் சமயமென்று கூறியமைவார் பலர். சாத்தனாரின் மணிமேகலையை ஒருமுறை கற்றாருக்கும் இக்கூற்று முற்றும் பொருந்தாதென்பது புலனாகும். அக்காப்பியத்தில் தெய்வங்களுக்குக் குறைவில்லை. மணிமேகலா தெய்வம் தலைவியை மணிபல்லவத்துக்கு எடுத்துச் செல்கின்றது. தீவதிலகை அமுதசுரபியின் வரலாறு உரைக்கின்றாள். கந்திற்பாவை வருவது கூறுகின்றது. இத்துணைத் தெய்வங்களுக்கு இடமளித்த புலவர், உலகைப் படைத்த தெய்வமொன்றை மட்டும் எவ்வாறு விலக்கினார் என்பதே ஆராயத்தக்கது.

விடை தேடுவார் பெரும்பாலும் சமயக் கணக்கர்தந் திறங்கேட்ட காதையையே நாடுவர். அங்கே சைவவாதியும், உலகனைத்தும் ஒரு தேவன் இட்ட முட்டையென்னும் பிரமவாதியும் தத்தங் கொள்கையைச் சில அடிகளிற் சொல்லியமைகின்றனர். மணிமேகலை அவர்களோடு வாதிட்டிலள். பூதவாதியையே நகைத்து மறுக்கின்றாள். காவியச் சுவை நோக்குவார்க்கு அக்காதை பெரிதும் ஒரு பட்டியலே.

மெய்யான மறுப்பு, சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையிற் கதையுருவில் அமைந்துள்ளது. சுடுகாட்டிற் பேயைக் கண்டஞ்சி இறந்த சார்ங்கலனின் தாய் கோதமை, தன் உயிரைக் கொண்டு மகனுயிரைத் தருமாறு சம்பாபதியை வேண்டுகின்றாள். உயிர் வினைவழியே வேறு பிறப்பை அடையும், அதனை மீட்டல் தன்னால் ஆகாது என்கின்றது தெய்வம். தேவர் வேண்டுவார்க்கு வரந்தருவரென மறை கூறுகின்றதே என்று தாய் விடாது வினவ, சக்கரவாளத்துத் தேவரனைவரும் அங்கே வரவழைக்கப்படுகின்றனர். அவர்கள் உரைப்பதும் அதுவே. தருக்க நூலார் பல சூத்திரங்களில் நிறுவ முயல்வதைப் புலவர் ஒரு தாயின் கண்ணீரில் நிறுவிவிட்டார். தெய்வமுண்டு, அதற்கு இரக்கமுமுண்டு, வினைமேல் ஆணையில்லை. பாளியிலுள்ள பிரமசால சூத்திரமும் பிரமனை இல்லையென்னவில்லை; உலகம் மீளத் தோன்றுங்கால் முதலிற் பிறந்தமையால் தன்னைப் படைப்போனெனக் கருதி மயங்கியவன் என்றே அவனைக் காட்டுகின்றது.

ஆயினும் இக்கதை ஒரு வினாவைத் தொடாதே விடுகின்றது. தேவர் வினையை மாற்றலாகார் என்பதனால், வினை தானே இயங்குமென்பது பெறப்படுமா? சைவசித்தாந்தி கேட்பது இதனையே. வினை அறிவற்றது, செய்தவனை அறிந்து பயனைக் கூட்டுதல் அதனால் எங்ஙனம் இயலும்? சித்தாந்தத்திலும் இறைவன் உயிரைப் படைத்தவனல்லன்; உயிரும் பாசமும் அநாதி; மாயையினின்று உலகைத் தோற்றுவிக்கும் நிமித்த காரணனே அவன். ஆதலின் இரு சமயத்தார்க்கும் இடையிலுள்ள வழக்கு, பலர் எண்ணுமாறு படைப்பின் தொடக்கம் பற்றியதன்று. வினைக்கு ஒரு தலைவன் வேண்டுமா என்பது பற்றியது. சாத்தனார் இறுதிக் காதையிற் பன்னிரு நிதானங்களை விரித்து, ஒன்று சார்பாக மற்றொன்று தோன்றுமென்கின்றார். தோற்றுவிப்போன் அங்கே இல்லை. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்திற் பௌத்தரை நால்வகையினராகப் பிரித்து, ஒவ்வொருவரையும் தனித்தனியே மறுத்தார்.

கோதமைக்கு மறுக்கப்பட்டது மயிலாப்பூர்ச் சிவநேசருக்குக் கிட்டியது. சம்பந்தர் பாட, என்பாயிருந்த பூம்பாவை எழுந்தாளெனச் சேக்கிழார் பாடுகின்றார். இரு காப்பியங்களையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும் ஆசிரியர் மிகச் சிலரே.