ஒலிவத் தோப்பும் உடைமை உறவும்: ரெனுவாரின் நிலக்காட்சி ஓவியம் குறித்துச் சில கருத்துகள்

மனப்பதிவுவாத ஓவியங்கள் பற்றிய விமர்சனங்களில் இருவகை நிலைப்பாடுகளை நாம் அவதானிக்கலாம். ஒளியையும் வண்ணத்தையும் தவிர வேறெதனையும் நோக்க மறுப்பது ஒன்று. உழைப்பாளரின் உருவத்தை முதன்மைப்படுத்தாத ஓவியம் யாவும் பூர்ஷ்வாக்களின் பொழுதுபோக்கே என ஒதுக்கிவிடுவது மற்றையது. இரண்டுமே கலைப்படைப்பை அதன் வரலாற்றினின்றும் பிரித்து விடுகின்றன. பியர் ஒகுஸ்த் ரெனுவார் (1841-1919) 1908க்கும் 1914க்கும் இடையில் தீட்டியதும், நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் உள்ளதுமான 'கான்யேயிலுள்ள லே கொலெத் பண்ணை' என்னும் ஓவியத்தை ஆதாரமாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

முதிர்ந்த மரங்களினூடே பழைய பண்ணை வீடொன்று தென்படுகின்றது. மரம், சுவர், நிலம் ஆகியவற்றின் விளிம்புகள் வெயிலிற் கரைந்து ஒன்றோடொன்று கலக்கின்றன. காலத்துக்கு அப்பாற்பட்ட அமைதியொன்று அங்கு நிலவுவதாகத் தோன்றும். ஆயின் அவ்வமைதி விலைகொடுத்து வாங்கப்பட்டதாகும். 1864இல் நீஸ் நகரைப் புகையிரதம் எட்டியபின், தென் பிரான்சின் மத்தியதரைக் கரையோரம் செல்வந்தரின் குளிர்கால வாசத்தலமாக மேலும் விரைந்து மாறிற்று. விளைநிலம் விற்பனைப் பண்டமாயிற்று. கான்யேயிலுள்ள லே கொலெத்தின் தொன்மையான ஒலிவ மரங்கள் வெட்டப்படும் நிலையிலிருந்தபோது, 1907இல் ரெனுவார் அந்நிலத்தை வாங்கினார். மரங்களை அச்சுறுத்திய அதே தனியுடைமை உறவே அவற்றைக் காக்கும் வழியாகவும் அமைந்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஒலிவத் தோப்பு வெறும் இயற்கையன்று. ஒட்டுதல், கத்தரித்தல், நிலத்தைப் பண்படுத்தல் எனத் தலைமுறை தலைமுறையாகச் செலுத்தப்பட்ட உழைப்பின் விளைவே அது. அவ்வுழைப்பினை ரெனுவாரின் ஓவியம் ஒளியினுள் மறைத்துவிடுகின்றது. 1889இல் சான் ரெமியில் வான்கோ தீட்டிய, பெண்கள் ஒலிவக் காய் பறிக்கும் ஓவியங்களோடு ஒப்பிடுமிடத்து இவ்வேறுபாடு தெளிவாகும். வான்கோவிடம் தோப்பு வேலைத்தலம். ரெனுவாரிடம் அது புகலிடம்.

எனினும், இப்புகலிட வேட்கையின் சமூக வேர்களை நாம் தேடவேண்டும். தையற்காரரின் மகனான ரெனுவார் சிறுவயதிலேயே பீங்கான் மீது ஓவியந்தீட்டும் தொழிலைப் பயின்றவர். அத்தொழிலில் இயந்திர அச்சு புகுந்தமையால் வேலையிழந்தவர். கைத்தொழிலாளனை இயந்திரம் வெளியேற்றுவதைத் தம் வாழ்விலேயே அவர் கண்டிருந்தார். லே கொலெத்தில் தாம் வாழ்வதற்குப் புதிய வீடொன்றைக் கட்டுவித்த அவர், தீட்டுவதற்குப் பழைய பண்ணை வீட்டையே விரும்பித் தெரிந்தெடுத்தார். இத்தெரிவில், அழிந்துகொண்டிருந்த கைவினை உலகின் மீதான ஏக்கத்தை நாம் காண்கிறோம். அது பின்னோக்கிய ஏக்கமே. போராட்டத்துக்கான வழி எதனையும் அது காட்டவில்லை. ஆயினும் அனைத்தையும் பண்டமாக்கும் முதலாளித்துவத்துக்கு எதிரான உண்மையான எதிர்ப்பொன்று அதனுள் உறைந்துள்ளது.

1960இல் லே கொலெத் கான்யே நகரசபையின் உடைமையாகிப் பின்னர் நூதனசாலையாயிற்று. ஒரு தனிமனிதரின் பணத்தினால் தப்பிய மரங்கள் இவ்வாறு பொதுவுடைமையாயின. ஓவியத்தின் அழகும் அத்தகைய பொதுவுடைமையாதல் வேண்டும். அவ்வழகை மறுப்பதன்று, அது மறைத்த உழைப்பையும் அதனோடு சேர்த்து மக்களுக்கு உணர்த்துவதே முற்போக்கு விமர்சனத்தின் பணியாகும்.