தொடித்தலைத் தண்டும் நரையிலா முடியும்

புறநானூற்றில் முதுமை பேசும் செய்யுள்களுள் 191-ஆம் பாட்டையும் 243-ஆம் பாட்டையும் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். முன்னதை இல்லறப் பெருமைக்கும் பின்னதை இளமை நிலையாமைக்கும் சான்று காட்டுவது வழக்கம். இரண்டையும் ஒருசேர வைத்து நோக்கின், முதியோரைப் பேணுதல் யார் கடன் என்னும் வினாவுக்கும் விடை கிடைக்கும் என்பது நம் கருத்து.

தொடித்தலை விழுத்தண்டினார் என்பது புலவரின் இயற்பெயர் அன்று. பாட்டில் வரும் பூண் கட்டிய ஊன்றுகோலே பெயராயிற்று. மணற்பாவைக்குப் பூச்சூட்டியதும், மகளிரோடு கைகோத்து ஆடியதும், மருதமரக் கிளையேறிக் கரையிலுள்ளோர் மருள மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்ததும் அவர் நெஞ்சில் பசுமையாக உள்ளன. இன்றோ கோலூன்றி நடுங்கி, இருமலிடையே சில சொற்களே பேசும் நிலை. இதன் துறை கையறுநிலை. இறந்தோர்க்கு இரங்கும் துறையில், உயிரோடிருப்பவர் தம் இளமைக்கே இரங்குகிறார். நிலையாமை என்று மட்டும் கூறி அமைந்தால் ஒன்று நழுவிவிடும்: அம்முதியவரை எவரும் எதுவும் வினவவில்லை, அவர் சொல்லுக்கு மறுமொழியும் இல்லை.

191-ஆம் பாட்டோ வினாவிலேயே பிறக்கிறது. ஆண்டு பலவாகியும் நரை இல்லாதது எங்ஙனம் என்று சான்றோர் கேட்கப் பிசிராந்தையார் விடையிறுக்கிறார். மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறியும் ஏவலர், தீமை செய்யாது காக்கும் வேந்தன் என அடுக்கி, அதற்கும் மேலாகத் தம் ஊரில் அடக்கமிக்க சான்றோர் பலர் வாழ்வதைக் கூறி முடிக்கிறார். நம் பேச்சாளர்கள் மனைவி மக்களோடு நின்றுவிடுகின்றனர். பாட்டு நிற்பதோ ஊரில். நற்சூழல் நரையைத் தடுக்கும் என்பது மருத்துவ உண்மையன்று. கவலையைச் சுமக்க வீடு மட்டும் போதாது என்பதே பாட்டின் உட்கிடை.

இவ்வுண்மை இன்று வேறு வகையில் தேவைப்படுகிறது. 60 வயது கடந்தோருள் நூற்றுக்கு 7.4 பேர், ஏறத்தாழ 88 இலட்சம் இந்தியர், மறதிநோய்க்கு ஆட்பட்டவர் என 2023-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அந்நோயில் அண்மை நினைவுகள் முதலில் மறையும். இளமை நினைவுகள் நெடிது நிற்கும். காலையுணவு மறந்தவர்க்கும் மடுவும் மருதமும் மறவாதிருத்தல் கூடும். பின்னாளில் கற்ற மொழி நழுவித் தாய்மொழியே எஞ்சுவதும் உண்டு.

பெற்றோரைப் பராமரிக்க மக்களைக் கடமைப்படுத்தும் சட்டம் 2007-இல் வந்தது. அது வாழ்க்கைப்படி பெற்றுத் தரலாம். உடனமர்ந்து கேட்கும் செவியைப் பெற்றுத் தர இயலாது. பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோ இரவும் பகலும் தனித்தே இச்சுமையைத் தாங்குகின்றனர். பணி நிமித்தம் வடபுலம் வந்த பிள்ளைகளோடு முதுமையில் வந்து சேர்ந்த பெற்றோர்க்கு, அண்டை வீட்டாரிடம் பேசவும் மொழி இல்லை.

அவர்க்கு ஊர் எது? தமிழ்ச் சங்கமே அன்றோ! வாரம் ஒருமுறை அன்பர் இருவர் அவ்வில்லங்களுக்குச் சென்று, பிறந்த ஊரையும் குளத்தையும் பற்றித் தமிழில் வினவி ஒரு மணி நேரம் இருப்பின், முதியவர்க்குப் பேச்சுத்துணை கிட்டும். பேணுவார்க்குச் சற்றே ஓய்வும் கிட்டும். புறநானூற்றைப் பாராட்டும் நாம் அதற்குச் செய்யத்தக்க நல்லுரை இதுவே.