படபடப்புக்கு எந்த மாத்திரை?

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், 'கடல்கட்டி' வராமல் ஆட்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதுபவர் அவர். மந்திரத்தில் நம்பிக்கையில்லாத வெள்ளைக்கார அரசே அவருக்குக் கூலி கொடுத்தது. ஆள் இறங்கினால்தானே முத்து! அவருடைய வைத்தியத்தில் ஒரு நல்லது உண்டு. பயம் அடங்கும், ஆனால் குளிப்பவரின் தலையும் கையும் தெளிவாகவே இருக்கும். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு இல்லை. சங்கு குளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; படபடப்புக்கு இப்போது மாத்திரை இருக்கிறது. அதையும் இந்த அளவுகோலால்தான் எடைபோட வேண்டும்.

அல்பிரசோலம், குளோனசிபாம், டயசிபாம் வகையின் பலம் வேகம். நெஞ்சு அடித்துக்கொண்டு, செத்துவிடுவோம் என்று துடிப்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆசுவாசம் கிடைப்பது சின்ன விஷயமல்ல. வினை அந்த வேகத்திலேயே இருக்கிறது. சில வாரம் தினமும் போட்டாலே உடம்பு பழகிவிடும். சட்டென்று நிறுத்தினால் படபடப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். போதாததற்குத் தூக்கக் கலக்கம், கைத் தடுமாற்றம். கம்ப்ரசர் குழாயில் மூச்சு வாங்கியபடி அடியில் சங்கு தேடுபவருக்கும், துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுபவருக்கும் அந்தத் தடுமாற்றம் உயிர்ப் பிரச்சினை. மேலே குடியும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. 2014 மார்ச் 1 முதல் இவற்றில் அல்பிரசோலமும் டயசிபாமும் எச்1 பட்டியலில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு கட்டாயம். நோயாளி பெயர், மருத்துவர் பெயர், கொடுத்த அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏறி, 3 ஆண்டுகள் இருக்க வேண்டும். என்றாலும் நான்காக மடித்துக் கசங்கிய பழைய சீட்டை நீட்டி, "அதே மாத்திரைதாண்ணே, ஒரு அட்டை குடுங்க" என்று கேட்பவருக்குக் கிடைத்துவிட்டால் பதிவேட்டால் என்ன பயன்?

எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் வகை நீண்ட நாள் பதற்றத்துக்கு நல்ல தேர்வு. போதை மாதிரி பிடித்துக்கொள்வதில்லை. ஆனால் பொறுமை கேட்கும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலோடு படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். இளவயதினருக்குத் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். தாம்பத்திய ஆசை குறைவதை ஆண்கள் வாய்விட்டுச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுவார்கள். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் இதை உட்கார்ந்து விளக்க யாருக்கு நேரம்? மருந்தின் குறையைவிட இந்தப் பேச்சின்மைதான் பெரிய குறை என்பேன். தொடக்க வாரங்களுக்கு மட்டும் முதல் வகையைத் துணைக்குக் கொடுத்து நிறுத்தும் மருத்துவர்கள் உண்டு. அளவோடு செய்தால் நல்ல முறை.

புரோபிரனலால் கைநடுக்கத்தையும் இதயத் துடிப்பையும் அடக்கும், மனக்கவலையைத் தொடாது. ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. முறையான மனநல ஆலோசனை பலருக்கு மாத்திரைக்கு ஈடாகவே பலன் தருகிறது. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

மருத்துவரிடம் நோயோடு தொழிலையும் சொல்லுங்கள்: கடலில் இறங்குபவரா, வண்டி ஓட்டுபவரா, குடிப்பவரா என்று. அல்பிரசோலம் வகை மாத்திரையை ஏற்கெனவே தினமும் போடுபவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். அதை மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.