வாத்தியாருக்கும் அதே 3,416!

உங்கள் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியை பீரோவிலிருந்து கொஞ்சம் எடுங்களேன். இன்ஜின் நம்பர் இருக்கும், சேஸிஸ் நம்பர் இருக்கும், எத்தனை சி.சி. என்று இருக்கும். நீங்கள் எப்படி ஓட்டுகிறவர் என்று ஒரு வரி? தேடாதீர்கள், இருக்காது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வாத்தியார். பக்கத்து வீட்டில் ஒரு ஃபைனான்ஸ்காரர். இருவரிடமும் 1,200 சி.சி. கார் என்று வைத்துக்கொள்வோம். வாத்தியார் ஸ்பீடாமீட்டரில் அறுபதைப் பார்த்ததில்லை. ஃபைனான்ஸ்காரர் குடித்துவிட்டு ஓட்டி இரண்டு முறை மாட்டியவர். நம் வண்டியால் அடுத்தவர் அடிபட்டால் ஈடு கொடுக்க ஒரு கட்டாய இன்ஷூரன்ஸ் இருக்கிறதல்லவா, தேர்டு பார்ட்டி? 2022-ல் மத்திய அரசு அறிவித்த கட்டணப்படி இந்த ரக காருக்கு 3,416 ரூபாய். வாத்தியாருக்கும் அதே 3,416தான், அவருக்கும் அதே 3,416தான்.

'நோ க்ளெய்ம் போனஸ் இருக்கிறதே சார்' என்பீர்கள். அது ஒழுங்காக ஓட்டுகிறவருக்குத் தரும் பரிசு இல்லை. பணம் கேட்காதவருக்குத் தருவது. ஐந்து ரோட்டில் ஓரமாக நிறுத்தியிருந்த வாத்தியார் காரை எவனோ இடித்துவிட்டுப் போய், அவர் க்ளெய்ம் வாங்கினால் போனஸ் போச்சு! ஃபைனான்ஸ்காரர் ஐந்து வருடம் க்ளெய்ம் கேட்காவிட்டால், சொந்த சேதத்துக்கான பிரிமியத்தில் 50 சதவிகிதம் தள்ளுபடி. நான் பி.காம். படித்தபோது 'ரிஸ்க் எவ்வளவோ, பிரிமியம் அவ்வளவு' என்றுதான் பாடம் எடுத்தார்கள்.

குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து அமல். கட்டிவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனியைப் பொறுத்தவரை கணக்கு தீர்ந்தது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் அப்படி மாட்டியவர் 'எஸ்.ஆர்.-22' என்று ஒரு சான்றை கம்பெனி மூலம் அரசிடம் கொடுத்தால்தான் மறுபடி வண்டியைத் தொட முடியும். பிரிமியமும் எகிறும்.

இங்கே யாரும் யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் குழு ஒன்று 'போக்குவரத்து விதிமீறல் பிரிமியம்' என்று தனியாக ஒன்றை வசூலிக்கலாம் என்றது. குடிபோதைக்கு 100 புள்ளி, தப்பான இடத்தில் பார்க்கிங்குக்கு 10 புள்ளி. டெல்லி வட்டாரத்தில் முதலில் சோதித்துப் பார்க்கலாம் என்றார்கள்.

நல்ல யோசனைதானே? சங்ககிரிக்கு வந்து சொல்லிப் பாருங்கள். அந்தத் திட்டத்தில் வண்டியை யார் ஓட்டியிருந்தாலும் கூடுதல் பிரிமியம் ஆர்.சி. புக்கில் பெயர் உள்ளவர் தலையில்தான். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி ஒருவருடையது, ஸ்டியரிங் இன்னொருவர் கையில். வண்டி குஜராத் பக்கம் போயிருக்கும். ஓனர் இங்கே டியூ கட்ட அலைந்துகொண்டிருப்பார். டிரைவர் அங்கே போதையில் மாட்டினால், மறுமாதம் அவர் வேறு லாரியில் ஏறிவிடுவார். புள்ளி மட்டும் பழைய லாரியிலேயே உட்கார்ந்திருக்கும்! 40 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு 2022 கட்டணப்படி தேர்டு பார்ட்டி மட்டுமே 44,242 ரூபாய். 2017 மார்ச் கடைசியில் தென்மாநில லாரிகள் ஸ்டிரைக் செய்ததற்கு இந்த பிரிமியம் உயர்வும் ஒரு காரணம். அதன் மேல் இதுவுமா?

ஓனருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் வாதாடவில்லை. தூங்க விடாமல் டிரிப் அடிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அடிபட்டவருக்கோ யார் ஓட்டினாலும் வலி ஒன்றுதான். டிரைவர் குடித்திருந்தாலும் 'முதலில் குடும்பத்துக்குக் கொடு, பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்' என்று பல வழக்குகளில் கோர்ட்டுகள் சொல்லியிருக்கின்றன. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால், வசூலாகாத பணம் எங்கிருந்து வரும்? வாத்தியாரின் 3,416-லிருந்தும்தான்.

வண்டி விவரத்துக்கு 'வாகன்', லைசென்ஸ் விவரத்துக்கு 'சாரதி' என்று மத்திய அரசிடம் இரண்டு கம்ப்யூட்டர் பதிவேடுகள் இருக்கின்றன. பிரிட்டனில் தண்டனைப் புள்ளி ஓட்டியவரின் லைசென்ஸில் ஏறுகிறது. இங்கேயும் அதை 'சாரதி'யில் ஏற்றட்டும். வேலை கேட்டு வருகிறவரின் லைசென்ஸ் நம்பரைத் தட்டினால், சாவியைக் கொடுப்பதற்கு முன்பே சங்ககிரி ஓனருக்கு அது தெரிய வேண்டும். தெரிந்தும் கொடுத்தாரா? அப்போது போடுங்கள் அவருக்குக் கூடுதல் பிரிமியம்!