கோமுகியைத் தாண்டினால் யாழ்ப்பாணம்

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பின்னால் விட்டு, வெள்ளிமலைக்கு ஏறிக்கொண்டிருந்தோம். சித்திரை வெயில். இருபது வயதைக் கடந்துவிட்ட என் மாருதி 800 இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு வந்தது. ஹீட் முள் சிவப்பைத் தொட்டதும் ஓரங்கட்டிப் பானெட்டைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் மெக்கானிக்குக்குப் போன் போடுவது. அங்கே டவர் இல்லை.

மேலிருந்து மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளோடு இறங்கி வந்த ஜீப்காரர் வண்டியை நிறுத்தினார். “ஃபேன் ஓடுதா சார்?” என்றார். ஓடவில்லை. இன்ஜின் கொதிக்கிறது, ரேடியேட்டர் விசிறி சும்மா நிற்கிறது. சூடு ஏறினால் விசிறியை ஓடவைக்கும் சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். விசிறி சுற்றியது. ரேடியேட்டர் மூடியில் கைவைக்கப் போன என்னை, “தொடாதீங்க சார், மூஞ்சியில அடிச்சிரும். அரை மணி ஆறட்டும்” என்று தடுத்தார். அவருடைய சீட்டுக்கடியில் ஒரு தண்ணீர் கேன், ஒரு பழைய பெல்ட், வயர் சுருள், எம்-சீல், அதோடு ஒரு துணி சோப்பு இருந்தன. சோப்பு எதற்கு என்று கேட்டேன். டீசல் டேங்கில் கசிவு வந்தால் தேய்த்து அடைக்கவாம்.

அந்த அரை மணி நேரமும், கையில் கிடைத்ததை வைத்து வண்டி ஓட்டிய போர்க்கால யாழ்ப்பாணம்தான் என் நினைவில் ஓடியது.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் இலங்கையின் வடக்குக்குப் பல பொருள்கள் போகத் தடை வந்தது. பெட்ரோலும் பேட்டரியும் அந்தப் பட்டியலில் இருந்தன. அங்கிருந்தவர்கள் பெட்ரோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கேட்பதற்கு மாயம் போல இருந்தாலும் கணக்கு எளியதுதான். குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால் பற்றாது. கார்புரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டுக் கிளப்ப வேண்டும். இன்ஜின் சூடேறியபின் அந்தச் சூட்டிலேயே மண்ணெண்ணெய் ஆவியாகி எரியும். வழியில் நின்று ஆறிப்போனால் மறுபடியும் சில துளி. அத்தர் போல, பெட்ரோல் சின்னப் போத்தலில் இருந்தது.

எல்லாக் காரும் இதற்கு ஒத்துவராது. அமுக்கம் அதிகமான இன்ஜினில் மண்ணெண்ணெய் முன்கூட்டியே வெடித்துத் தட்டத் தொடங்கிவிடும். அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில் இருந்த ஒஸ்ரின் (நம் வழக்கில் ஆஸ்டின்) ஏ-40 போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பொறுத்துக்கொண்டன. அதனால் அந்த ஊரில் கிழட்டு வண்டிகள் மறுபடி இளவட்டமாகிவிட்டன. அதற்கும் விலை உண்டு. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி இறங்கி இன்ஜின் ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்கில் கரி அடையும். ஆகவே பிளக்கைக் கழற்றித் தேய்ப்பதும், ஆயில் குச்சியை உருவி விரலில் தடவிப் பார்ப்பதும் வண்டிக்காரரின் அன்றாட வேலையாயின. கராஜில் விட்டுவிட்டுப் போகிற வேலையல்ல அது.

ஒரு வேடிக்கை உண்டு. யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் நம் அம்பாசடரும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 1489 சி.சி. இன்ஜின்தான் ஏ-55 கேம்பிரிட்ஜுக்கும் பல ஆண்டுகள் அம்பாசடருக்கும் இதயம். இங்கிலாந்தில் அந்த இன்ஜின் எப்போதோ அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. நம்மிடமோ உத்தரபாராவில் 2014 மே வரை அம்பாசடர் வந்துகொண்டே இருந்தது. அதனால் நம் வண்டிக்குத் தாய்வீடு இருந்தது. பிளாட்டினம் பாயிண்ட், ஹெட் கேஸ்கெட், வாட்டர் பம்ப் எல்லாம் புதிதாகவே கிடைத்தன. இலங்கையில் அதே இன்ஜின் அநாதை.

தாய்வீடு இருப்பதும் இல்லாததும் இரு நாட்டு மெக்கானிக்குகளின் பேச்சிலேயே தெரியும். கள்ளக்குறிச்சியில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதல் வார்த்தை, “மாத்திரலாம் சார்.” யாழ்ப்பாணத்தில், “செய்து பாப்பம்.” நம் மெக்கானிக் சோம்பேறி என்று சொல்லவில்லை. கரும்பும் நெல்லும் விளையும் ஊர் இது. சர்க்கரை ஆலைகளை நம்பி டிராக்டர்கள், டிராக்டர்களை நம்பி லேத் பட்டறைகள். நடக்கிற தூரத்தில் ஆள் இருக்கிறார், உதிரி இருக்கிறது, கூலியும் கைக்கு எட்டுகிறது. உதிரி இங்கே இல்லாவிட்டால் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து சேரும். கையைக் கரியாக்க நமக்கு என்ன தேவை? கொழும்பில் பஞ்சிகாவத்தை அதே புதுப்பேட்டைதான், ஆனால் போர்க்காலத்தில் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சாமான் கொண்டுபோவது எளிதாக இல்லை.

போர் முடிந்தும் இலங்கைக்காரரைப் பழைய வண்டி விடவில்லை. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025இல்தான். இடையில் 2022இல் எரிபொருள் வரிசை, கியூஆர் அட்டை, வாரப் பங்கீடு. புதுக் கார் வராத நாட்டில் இருந்த காரைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. சட்டமும் வேறு மாதிரி. அங்கே ஆண்டுதோறும் புகைப் பரிசோதனையில் தேறினால்தான் வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்கான வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும். வயது எத்தனை என்பதைவிட என்ன புகை விடுகிறது என்பதே கேள்வி. இங்கே 15 ஆண்டு முடிந்ததும் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டாக ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பழைய காரை அங்கே பஞ்சம் பிடித்து வைத்திருந்தது, இங்கே கட்டணம் பிடித்துத் தள்ளுகிறது.

ஆனால் இதை இந்தியா, இலங்கை என்று இரண்டாகப் பிரித்தால் ஜீப்காரரை எங்கே வைப்பது? அவர் கள்ளக்குறிச்சிக்காரர்தான். மாநிலமும் மாவட்டமும் எனக்கும் அவருக்கும் ஒன்றே. ஆனால் அவர் சீட்டுக்கடியில் இருந்தது யாழ்ப்பாணம். கையால் வேலை பார்ப்பது ஒரு நாட்டின் குணமல்ல. அடுத்த உதிரிக் கடைக்கு எத்தனை தூரம் என்பதே அதைத் தீர்மானிக்கிறது. கோமுகிக்குக் கீழே இருப்பவன் மாற்றுகிறான், மேலே இருப்பவன் செய்து பார்க்கிறான்.

இதைச் சாமர்த்தியம் என்று மட்டும் மெச்சிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மண்ணெண்ணெய் குடித்த இன்ஜின்கள் ஆயுள் குறைந்துதான் ஓடின. அது விரும்பிக் கற்ற வித்தையல்ல, தடை கற்றுக்கொடுத்தது. வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலையின் சாலை, போக்குவரத்து, மருத்துவம் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றமே 2024இல் தானாக முன்வந்து கேட்க வேண்டியிருந்தது. வெள்ளிமலைச் சாலையில் ஜீப் நின்றால் கிழங்கு மூட்டை மட்டுமல்ல, சில நாள் நோயாளியும் நிற்பார்.

சமவெளியில் இருக்கும் நாம் அவரிடமிருந்து கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். பழைய வண்டியோடு மலை ஏறுமுன், இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் பாருங்கள். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள், அரை அங்குலத்துக்கு மேல் தளர்ந்தால் இறுக்குங்கள். வண்டியை நிற்கவைத்துச் சூடேற்றி விசிறி தானாகச் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். இறங்கும்போது நியூட்ரல் போடாதீர்கள், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பத்து நிமிட வேலை. சீட்டுக்கடியில் ஒரு துண்டு வயரும் இருக்கட்டும்.